கடைசிப் பொத்தானை அவனே போடட்டும்

ஏலகிரி மலையில் அத்தனாவூரிலோ நிலாவூரிலோ அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், சோறு ஊட்டுவது முதல் சட்டை மாட்டுவது வரை பெரும்பாலும் அம்மாதான். கீழே ஆம்பூரில் அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என்றால் பாட்டியோ அக்காவோ. கம்பெனி பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பொறுத்திருக்க நேரம் ஏது? அவனால் முடிகிறதையும் அவர்களே செய்துவிடுகிறார்கள். இருபது வயதிலும் அவன் குழந்தையாகவே நடத்தப்படுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

பராமரிப்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை வேலூர் முன்பே உணர்ந்திருக்கிறது. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் உடன் தங்குவது பழைய வழக்கம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென அங்கே 'நம்பிக்கை நிலையம்' இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்கள் 57 பெற்றோரை இரு பிரிவாக்கி 10 வாரம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. விரிவுரை மட்டும் கேட்டவர்களைவிட, குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்களிடம் பிள்ளையைப் பற்றிய எண்ணம் அதிகம் மாறியிருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. தனியாகச் சுமப்பவருக்கு முதலில் வேண்டியது பேச்சுத்துணை.

அடுத்து வேண்டியது, பிள்ளையைத் தானே செய்யப் பழக்கும் முறை. சட்டைப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து எல்லாவற்றையும் அம்மா போட்டு, கடைசியை மட்டும் பாதி நுழைத்து விட்டுவிடுகிறார். மகன் இழுத்து முடிக்கிறான். அது கைவந்ததும் கடைசி இரண்டு. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தது அவன்தான் என்பதால் மறுநாளும் கை நீட்டுகிறான்.

இப்படிப் பழகினாலும், "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வி இப்பிள்ளைகளின் பெற்றோரை அரிக்கிறது. 18 வயது கடந்தவருக்குக் காப்பாளரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999) மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கச் சொல்கிறது. ஏலகிரிக்காரர்களுக்கு அந்த மாவட்டம் திருப்பத்தூர். காப்பாளர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ கைவிட்டாலோ அவரை நீக்கக் கோரலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இன்னும் ஒருபடி மேலே போகிறது: முடிவுகளைக் காப்பாளர் தனித்து எடுக்கக் கூடாது, மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து, அவர் விருப்பத்தை ஒட்டியே எடுக்க வேண்டும். காப்பாளரை நியமிக்கக் கோரி மனு எழுதும் முன், அக்காவோடு இருக்கிறாயா, சித்தப்பா வீட்டிலா என்று அவனிடமே கேளுங்கள். பேச்சு வராதவனுக்கும் யாரைக் கண்டால் முகம் மலர்கிறது என்பது வீட்டாருக்குத் தெரியும்.