மஞ்சள் புள்ளியும் ஆரஞ்சுக் கோடும்: நெட்வொர்க் படத்தில் நிறம் செய்யும் வேலை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பில்லிங் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்விட்ச் பழுதானது. அதன் டிராஃபிக்கை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். டூட்டியில் இருந்த பையன் சுவரில் ஒட்டியிருந்த நெட்வொர்க் படத்தைப் பார்த்து, லோடு குறைவாகத் தெரிந்த ஸ்விட்ச்சுக்கு மாற்றினான். உண்மையில் அதில்தான் லோடு அதிகம். அதுவும் திணறி நின்றது. பில்லிங் மறுநாள் மதியம்தான் முடிந்தது. "படம் பார்க்கக்கூடத் தெரியாதா?" என்று அவனுக்கு எல்லார் முன்னாலும் திட்டு. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்தை வரைந்தவன் நான்.

நிறங்களை ஏனோதானோ என்று போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நான் யோசித்துத்தான் போட்டேன். நம்ம ஊர் செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறதல்லவா, அங்கே இந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தார்கள். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு. கன்னியாகுமரிப் பகுதிக்கான தாள் 1961இல் வந்தது. அதன் நிறத் திட்டம் ஆன்ரி கோசன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளருடையது. வறண்ட இடத்துக்கு மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம்; ஈரமான இடத்துக்கு நீலப் பக்கம். ஓரத்தில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காமலே எது வறட்சி, எது ஈரம் என்று கண் பிடித்துவிடும்.

அந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டேன். லோடு என்றால் சூடு மாதிரி. ஆகவே குறைந்த லோடு வெளிர் மஞ்சள், ஏற ஏற ஆரஞ்சு. கோடுகளுக்கு, கேபிளின் மேலுறை நிறத்தையே கொடுத்தேன். பழைய மல்டிமோடு ஃபைபர் ஆரஞ்சு, சிங்கிள்மோடு மஞ்சள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. சேர்ந்தபோதுதான் வினை.

பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ருல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. இதை 1839இல் புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறத்தை நம் கண் தனியாக எடைபோடுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது.

என் படத்திலும் அதேதான். அந்த ஸ்விட்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சுக் கோடுகள் வந்து சேர்ந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அதன் புள்ளி வெளிறித் தெரிந்தது. இரண்டே கோடு உள்ள ஓர் ஓர ஸ்விட்ச், வெள்ளைத் தாளின் நடுவில் அழுத்தமாகத் தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு ஓட்டை போட்டு, கோடுகளை எல்லாம் மறைத்து, அந்த இரண்டு புள்ளிகளை மட்டும் பார்த்தேன். பையன் தேர்ந்தெடுத்ததுதான் அதிக ஆரஞ்சு. உங்கள் படத்திலும் செய்து பாருங்கள், ரெண்டு நிமிஷ வேலை.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. தாவர வரைபடத்தில் ஒரு நிறம் பெரிய பரப்பை நிரப்புகிறது. நெட்வொர்க் படத்தில் இருப்பது சின்னப் புள்ளி, மெல்லிய கோடு. பரப்பு சுருங்கச் சுருங்க, நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவது கஷ்டம். அடுத்தது மஞ்சளின் குணம். முழு மஞ்சளே வெளிச்சமான நிறம். வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சளுக்கும் முழு மஞ்சளுக்கும் இடையே ஐந்தாறு படிகள் வைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். நீலத்தில் வெளிறலிலிருந்து கருநீலம்வரை இறங்க இடம் நிறைய.

இப்போது நான் வரைவது இப்படி. அளவைக் காட்டும் புள்ளிகளுக்கு ஒரே நீலத்தின் வெளிறலும் அழுத்தமும். கோடுகள் சாம்பல். கேபிள் வகையைக் காட்ட வேண்டுமென்றால் முழுக்கோடு, புள்ளிக்கோடு. சிவப்பு, பழுதுக்கு மட்டும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்வரை. நம் டீமிலும் ஒருவர் இருக்கலாம். அதனால் பழுதான புள்ளியின் மேல் பெருக்கல் குறியும் உண்டு. லோடு எவ்வளவு என்பதைப் பக்கத்தில் எண்ணாகவே எழுதிவிடுகிறேன். கடைசியாகக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட். அதிலும் எது அதிகம், எது குறைவு என்ற வரிசை தெரிந்தால்தான் சுவருக்குப் போகும்.

அந்த ஓட்டை போட்ட தாளை எடுத்துக்கொண்டு போய், அவனைத் திட்டியவர்களிடமும் காட்டினேன். அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். சம்பவம் நடந்து அதற்குள் நாலு மாதம் ஆகியிருந்தது. "பரவாயில்லை சார், விடுங்க" என்றான். அந்த நாலு மாதமும் அவன் ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.