அச்சிட்ட கல்லீரலுக்கு இரத்தம் எங்கே?

1993ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகத்தில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலுரிடின் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பே எலி, நாய், குரங்கு ஆகியவற்றுக்குக் கொடுத்துச் சோதித்தாயிற்று. எதற்கும் கல்லீரல் கெடவில்லை. மனிதர்களிடமோ கதை வேறாக இருந்தது. பதின்மூன்றாவது வாரத்தில் சோதனை அவசரமாக நிறுத்தப்பட்டது. ஆனாலும் காரியம் மிஞ்சிவிட்டது. 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவர்களில் 5 பேர் இறந்தார்கள். மற்ற 2 பேரும் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையால் பிழைத்தார்கள்.

காரணம் பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. இந்த மருந்து உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து வேலையைக் கெடுக்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் மருந்தை உள்ளே விடும் ஒரு கடத்திப் புரதம் உண்டு. எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை. எலி நம்மை ஏமாற்றவில்லை. எலிக்கு அது உண்மையிலேயே நஞ்சாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் மனிதக் கல்லீரலிலேயே சோதிக்கலாமே என்று தோன்றும். நாம் விழுங்கும் மாத்திரை குடலில் கரைந்ததும், பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல்தான். ஆனால் கல்லீரல் உயிரணுக்களைத் தனியே எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பி வளர்த்தால், சில நாள்களிலேயே அவை தம் வேலையை மறந்துவிடுகின்றன. உடலுக்குள் ஒரு பகுதியை வெட்டியெடுத்தாலும் மீண்டும் வளரும் உறுப்பு, தட்டில் இவ்வளவு சோம்பேறியாகிவிடுவது விந்தைதான். தட்டில் அவை தட்டையாகக் கிடக்கின்றன. உடலிலோ சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள அறுகோண அறைகளாக, வேறு வகை உயிரணுக்கள் சூழ, முப்பரிமாணத்தில் நெருங்கி நிற்கின்றன. அண்டை வீட்டார் இல்லாவிட்டால் கல்லீரல் உயிரணுவுக்கு வேலை ஓடாது.

அந்த அக்கம்பக்கத்தைச் செயற்கையாக அமைத்துத் தருவதுதான் உயிரி அச்சு. 2015 டிசம்பரில், பெங்களூரின் பாண்டோரம் டெக்னாலஜீஸ் நிறுவனம் கல்லீரல் திசுவை முப்பரிமாண அச்சில் உருவாக்கியதாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதன்முறை என்றது நிறுவனம். இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வந்த துஹின் பௌமிக், அருண் சந்துரு இருவரும் 2011இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களின் திசு ஆல்புமின் புரதத்தைச் சுரந்தது. நச்சு நீக்கும் வேலையையும் செய்தது. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவர்கள், இனி கல்லீரலைக் கடையில் வாங்கலாம் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் செய்தது மிகச் சிறிய திசுத் துண்டு. அதன் முதல் நோக்கமும் மருந்துச் சோதனைதான்.

எப்படி அச்சிடுகிறார்கள்? தீபாவளிக்கு வீட்டில் முறுக்குப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கெட்டியாக இருந்தால் கை வலிக்கும். தளர்ந்திருந்தால் வட்டம் நிற்காது, எண்ணெயில் கலைந்துவிடும். உயிரி அச்சிலும் இதே தலைவலிதான். உயிரணுக்களைக் கூழ் போன்ற ஒரு பொருளில் கலந்து, ஊசிமுனை வழியாக இழை இழையாகப் பிழிகிறார்கள். இதற்கு உயிரி மை என்று பெயர். மை கெட்டியானால் ஊசிக்குள் ஏற்படும் அழுத்தத்தில் உயிரணுக்கள் நசுங்கிச் சாகும். தளர்ந்தால் வடிவம் சரிந்துவிடும். இதற்குப் பலர் நாடும் பொருள்களில் ஒன்று அல்ஜினேட். பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கால்சியம் கரைசல் பட்டதும் நொடியில் இறுகிவிடும். ஸ்ரீ கெம்பாங்கானில் பபிள் டீ கடைக்குப் போனால், வாயில் வெடித்துச் சாறு தெறிக்கும் உருண்டைகள் போடுவார்களே, அவற்றின் மெல்லிய தோலும் அல்ஜினேட்டும் கால்சியமும் சேர்ந்து உண்டானதுதான்!

இப்படி அச்சிட்ட சிறு துண்டால் என்ன பயன்? டிரோவாஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குச் சோதனைகளைத் தாண்டி விற்பனைக்கு வந்த பிறகுதான், அது கல்லீரலைக் கெடுப்பது தெரிந்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள ஆர்கனோவோ நிறுவனம், அச்சிட்ட மனிதக் கல்லீரல் திசுவில் அதைச் சோதித்து 2016இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே இனத்தைச் சேர்ந்த, கல்லீரலுக்குத் தீங்கு குறைந்த லெவோஃப்ளாக்சசின் மருந்தையும் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தார்கள். திசு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது. அந்தக் காலத்து அரசர்களுக்கு உணவைச் சுவைத்துப் பார்க்க ஓர் ஆள் இருப்பாராம். அதே வேலையை இந்தத் துண்டு நமக்காகச் செய்கிறது. 2022 இறுதியில் அமெரிக்கா தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை மாற்றியது. மாற்று வழிகளின் பட்டியலில் உயிரி அச்சின் பெயரும் இருக்கிறது.

சோதனைக்குச் சரி. நோயாளிக்குப் பொருத்த முடியுமா? இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. பெரியவர் ஒருவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் அதன் வழியே பாய்கிறது. ஓர் உயிரணு இரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளி இருந்தால், அதற்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. ஆகவே தடித்த திசுவை அச்சிட்டால் வெளிப்புறம் வாழும், நடுப்பகுதி மூச்சுத் திணறிச் சாகும். உயிரணுக்களை அடுக்குவது இந்த வேலையில் எளிய பாதி என்றுதான் சொல்வேன்.

குழாய்களை உண்டாக்க ஆய்வாளர்கள் கையாண்ட வழிகளைப் பாருங்கள். 2012இல் ஜோர்டன் மில்லரும் சக ஆய்வாளர்களும் சர்க்கரைப் பாகால் கம்பி வலை ஒன்றை அச்சிட்டார்கள். அதைச் சுற்றி உயிரணுக் கூழை ஊற்றி, பிறகு சர்க்கரையைக் கரைத்துவிட்டார்கள். கம்பி இருந்த இடமெல்லாம் குழாய்! 2019இல் மில்லரின் குழு ஒளியால் கூழை இறுகச் செய்யும் முறையைக் கையாண்டது. ஒளி தேவைக்கு மேல் ஆழமாக ஊடுருவினால் நுண்குழாய்கள் அடைபட்டுவிடும். அதைத் தடுக்க அவர்கள் கலந்தது டார்ட்ரசின். மிட்டாய், சுவைபானப் பொட்டலங்களில் ஈ102 என்று அச்சிட்டிருக்கும் அதே மஞ்சள் சாயம்.

நாசாவும் இதற்காக ஒரு போட்டி வைத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த திசு 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2016இல் அறிவித்த அந்தப் போட்டியில் 2021இல்தான் வெற்றியாளர்கள் கிடைத்தார்கள். வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் கழகத்தைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. இரண்டுமே அச்சிட்டது கல்லீரல் திசுவைத்தான். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து ஆண்டுகள்!

மெல்லிய உறுப்புகள் முந்திக்கொண்டதற்குக் காரணம் இதுவே. நமக்குப் பக்கத்தில், செராஸில் இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நோயாளியின் சொந்த உயிரணுக்களைக் கொண்டே தோல் வளர்க்கும் மைடெர்ம் என்ற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அது அச்சு முறை அல்ல, ஆனால் தோல் மெல்லியது. கண்ணின் கருவிழிப்படலத்துக்கு இரத்தக் குழாயே கிடையாது. 2022இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் அதை அச்சிட்டு முயலுக்குப் பொருத்திவிட்டார்கள். கல்லீரலில் தொடங்கிய பாண்டோரம் நிறுவனமும் பிறகு கருவிழிப் பக்கம் திரும்பியது.

இன்றைக்குக் கல்லீரல் முற்றாகச் செயலிழந்தவருக்கு, இன்னொரு மனிதர் கொடுக்கும் கல்லீரல்தான் வழி. நம் நாட்டில் அந்த அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது சிலாயாங் மருத்துவமனை. அச்சுக்காரர்களில் சிலர் முழுக் கல்லீரல் என்ற இலக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு திட்டத்தோடு வந்திருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க் குழு, சில வாரங்கள் மட்டும் தாக்குப்பிடிக்கும் கல்லீரலை அச்சிட முயல்கிறது. அந்தச் சில வாரங்களில் நோயாளியின் சொந்தக் கல்லீரல் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.