சிறுநீரகமும் செங்குருதியும்

கழிவை வடிப்பதே சிறுநீரகத்தின் தொழில் என மாணவர் கற்பர். அது பாதியுண்மையே. ஒட்சிசன் குறைதலை உணர்ந்து, எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரந்து, செங்குழியங்களை ஆக்குமாறு என்பு மச்சையை ஏவுவதும் அவ்வுறுப்பே. குருதிக் கூழ்பிரிப்புப் பொறி கழிவை நீக்கும், ஓமோனைச் சுரவாது. ஆகவே வாரம் மும்முறை பொறியை நாடும் நோயாளர் குருதிச்சோகையால் வெளிறிக் களைப்பர்.

முன்னாளிற் பிறர் குருதியை ஏற்றுதலே பெரும்பாலும் கதியாயிருந்தது. அதனால் உடலில் இரும்பு மிகுந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் தோன்றின. 1977 இல் கோல்ட்வாசர், மியாக்கே முதலியோர் சோகை நோயாளரின் ஏறத்தாழ 2,550 இலீற்றர் சிறுநீரிலிருந்து அவ்வோமோனைச் சில மில்லிகிராம் அளவிற் பிரித்தனர். எத்துணைப் பொறுமை! பின்னர் அதன் பரம்பரையலகு அறியப்பட்டு, ஆய்வுகூடத்தில் ஆக்கப்பெற்ற ஓமோன் 1989 இல் அமெரிக்காவிற் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆயின் மருந்து மிகுந்தால் நலமும் மிகும் எனக் கொள்ளற்க. இதயநோயுமுடைய கூழ்பிரிப்பு நோயாளரின் செங்குழிய அளவை இயல்புநிலைக்கு உயர்த்த முயன்ற ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 1998 இல் வெளிவந்தன: எதிர்பார்த்த பயன் விளையவில்லை, பொறியோடு இணைக்கும் குருதிவழி அடைபடுதலே மிகுந்தது. எனவே இன்று 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபினைப் பொதுவாக 10 முதல் 11.5 கிராம் வரையிலேயே பேணுவர்.

இரும்பின்றி ஓமோன் பயன்தராது. பொறியின் குழாய்களில் எஞ்சும் குருதியோடு இரும்பும் கழிகிறது; குடலோ அதனைச் செவ்வனே உறிஞ்சுவதில்லை. ஆதலின் கூழ்பிரிப்பின்போதே நாளத்தில் இரும்பை ஏற்றுவர். கீரையை நிறைய உண்ணுமாறு அயலார் அன்போடு கூறும் அறிவுரை இந்நோயாளர்க்கு ஆகாது. கீரையிலுள்ள பொற்றாசியம் குருதியில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.