ஓபீர் எங்கே?

கிழக்கேகோட்டையை விட்டுச் சாலைக் கடைத்தெரு வழியே ஆரியசாலைக்கு நடப்பவர் இரண்டு செய்திகளை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்வர். ஒன்று, திருவனந்தபுரத்தில் தமிழ் எவ்வளவு இயல்பாக வாழ்கிறது என்பது. மற்றொன்று, நம்மவர்க்குப் பொன்மேல் எவ்வளவு ஆசை என்பது. பவுன் விலை ஏறினாலும் இறங்கினாலும் நகைக்கடை வாயிலில் கூட்டம் குறைவதில்லை. ஆனால், அத்தெருவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், நெய்யாறு கடலொடு கலக்கும் இடத்திலுள்ள பூவாறு என்னும் ஊரே சாலமன் மன்னன் பொன் அள்ளிய ஓபீர் என்று நெடுநாளாய் ஒரு வழக்கு உண்டு. அதனை நம் மாணவ நண்பர்களுள் எத்தனை பேர் அறிவர்? சுற்றுலா ஏடுகள் அதைத் தயங்காமல் அச்சிட்டுவிடுகின்றன. அது பொன்னா, பித்தளையா? உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

முதலில் மூலச் செய்தி. சாலமன் கி. மு. பத்தாம் நூற்றாண்டினன் என்பர். அவன் செங்கடலின் வடகோடியில், இன்றைய அக்காபா வளைகுடாவின் தலைப்பில், எசியோன்கேபேர் என்னும் துறையில் கப்பல்கள் கட்டினான். தன் மக்களுக்குக் கடல் பழக்கம் இல்லாமையால், தீரு நகரத்து மன்னன் ஈராமிடம் மாலுமிகளைப் பெற்றான். அவர்கள் ஓபீருக்குச் சென்று 420 தாலந்து பொன் கொண்டுவந்தனர் என்று பழைய ஏற்பாட்டின் அரசர் வரலாறு கூறுகிறது. அதே செய்தியைச் சொல்லும் நாளாகமம் 450 தாலந்து என்கிறது. ஒரு தாலந்து ஏறத்தாழ 34 கிலோகிராம். சிறிய கணக்கையே கொண்டாலும் 14 டன்னுக்கு மேல் வரும். சாலைக் கடைத்தெருக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 17 லட்சத்து 85 ஆயிரம் பவுன்! இவ்வளவு பொன் கொடுத்த ஊர் எங்கே இருந்தது என்று மட்டும் அந்நூல் சொல்லவில்லை. எழுதியவர்க்கு அது எல்லாரும் அறிந்த ஊராய் இருந்தது போலும். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியால் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் அலைந்திருக்கின்றனர்.

அலைந்தவர்களின் பட்டியல் நீளமானது. கொலம்பஸ் தான் கண்ட இஸ்பானியோலாத் தீவையே ஓபீர் என்று எண்ணினார். பெரு நாட்டிலிருந்து 1567இல் புறப்பட்ட மெண்டானா பசிபிக் கடலில் சில தீவுகளை அடைந்தார். அங்கே சாலமனின் பொன் இருக்கும் என்ற நம்பிக்கையால் அவற்றுக்குச் சாலமன் தீவுகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது; பொன் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

பாலைவனம் தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரிச்சர்டு பர்ட்டன். இவர் 1853இல் எகிப்தில் தங்கியிருந்தபோது ஹாஜி வாலி என்ற முதியவரிடம் ஒரு கதை கேட்டார். மக்காவிலிருந்து திரும்பும் வழியில் வறண்ட ஆற்றுப்படுகையொன்றில் அவர் ஒரு பிடி மணல் எடுத்தாராம். அதில் பொன் இருந்ததாம். பர்ட்டன் இதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் மறக்கவில்லை. எகிப்தை ஆண்ட இஸ்மாயில் அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தார். மூழ்குபவன் எதைத்தான் பற்றமாட்டான்? அவர் செலவில் 1877இலும் 1878இலும் பர்ட்டன் வடமேற்கு அரேபியாவின் மிதியான் பாலையைத் துருவினார். பழங்காலச் சுரங்கச் சுவடுகளைக் கண்டார், புத்தகம் எழுதினார், டன் கணக்கில் கற்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தபோது செலவுக்கு ஈடான பொன் அவற்றில் இல்லை. 1879இல் இஸ்மாயில் பதவியையும் இழந்தார்.

பாலைவனத்தில் பொன் என்பதே வெறுங்கதையோ என்று ஐயுற வேண்டா. அது உண்மை. எகிப்தியர் கி. மு. 1150ஐ ஒட்டி வரைந்த ஒரு வரைபடம் இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாலை மலைகளையும், அவற்றினூடே செல்லும் வழிகளையும், பொன் எடுக்கும் இடத்தையும் அது காட்டுகிறது. அப்பொன் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைக் கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் அகதார்க்கிடீஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்தார். படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. வெண்கற்பாறையில் நரம்புபோல் ஓடும் பொன்னைத் தீ மூட்டிப் பாறையை நெகிழச் செய்து, இரும்புக் கருவியால் உடைத்தனர். உடைத்தவர் கைதிகளும் போரில் பிடிபட்டவர்களும் ஆவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருண்ட பொந்துகளில் வளைந்து நெளிந்து வேலை செய்தனர். உடைந்த கற்களைப் பொறுக்கி வெளியே கொண்டுவரச் சிறுவர்கள். அவற்றை உரலிட்டு இடிக்க வேறு ஆடவர்கள். இடித்ததை மாவாக அரைக்கப் பெண்களும் முதியவர்களும். பின்பு சாய்வான பலகைமேல் அம்மாவைப் பரப்பி நீர் ஊற்றுவர். மண் ஓடிவிடும், கனத்த பொன் தங்கும். நீரே இல்லாத நாட்டில் நீரால் கழுவி எடுக்கும் தொழில்! நோயாளி என்றோ, முதியோர் என்றோ, பெண் என்றோ இரக்கம் இல்லை. சாவு வரும் வரை உழைப்பு. சாலமனின் பொன்னும் இவ்வாறு எடுக்கப்பட்டதா என்பதை அவன் வரலாறு எழுதியவர் சொல்லவில்லை.

தமிழிலும் பாலை உண்டு. ஆனால் அது வேனிலால் முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலம். நாம் இப்போது பேசுவது திரியாத மணல்.

அந்த மணலில் ஓபீருக்கு மிக வலுவான போட்டியாளர் ஒருவர் உண்டு. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட மஹ்த் அத் தஹப் என்னும் இடம். தங்கத்தின் தொட்டில் என்பது அப்பெயரின் பொருள். அப்பாசியர் ஆட்சியிலும் அங்கே பொன் எடுத்தனர். டுவிட்செல் என்ற அமெரிக்கப் பொறியியலறிஞர் சவுதி மன்னர் இபுனு சவூதுக்காக 1930களில் அதனை ஆராய்ந்தார். 1939 முதல் 1954 வரை ஒரு கம்பெனி அங்கே சுரங்கம் நடத்தி, ஏழரை லட்சம் அவுன்சுக்கு மேல் பொன் எடுத்தது. அதாவது 23 டன்னுக்கு மேல். பழங்காலத்தார் கழித்துப்போட்ட கற்குவியலே ஏறத்தாழ பத்து லட்சம் டன் கிடந்தது! இதைக் கணக்கிட்ட அமெரிக்க நிலவியல் துறையினர், சாலமனின் ஓபீர் இதுவாகவே இருக்கலாம் என்று 1976இல் அறிவித்தனர். இதற்கு இன்னொரு துணையும் உண்டு. ஆதியாகமத்தின் வம்ச வரிசையில் ஓபீர் என்ற பெயர் சேபா, ஆவிலா என்னும் பெயர்களுக்கு நடுவே வருகிறது. சேபா தென் அரேபிய நாடு. அண்டை வீட்டார் அரேபியர் என்றால், ஓபீர் மட்டும் ஆழ்கடலுக்கு அப்பால் குடியிருக்குமா?

ஆனால் ஒரு தடை. அக்காபாவிலிருந்து மேற்கு அரேபியாவுக்கு ஒட்டகத்தில் போகலாமே. கப்பல் கட்டி, அயல்நாட்டு மாலுமியைத் தேடுவானேன்?

இந்தத் தடையில்தான் நம் பக்கத்து வழக்கறிஞர்கள் எழுந்து நிற்கின்றனர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் ஓபீர் இந்தியாவைச் சேர்ந்தது என்றே எழுதினார். கிரேக்க மொழிபெயர்ப்பில் அப்பெயர் சோபீர் என்று வருவதால், மும்பைக்கு வடக்கே உள்ள பழைய சோபாரா துறைமுகத்தைச் சிலர் காட்டினர். லாசன் என்ற ஜெர்மானியர் சிந்து முகத்துவாரத்து ஆபீர நாட்டைக் காட்டினார். திருநெல்வேலிக் கடற்கரையில் உள்ள உவரியே ஓபீர் என்பாரும் உளர். பூவாறு, உவரி, ஆபீரம், சோபாரா! ஒலி ஒப்புமை ஒன்றே போதும் என்றால், உலகில் எந்த ஊரையும் எந்த ஊராகவும் ஆக்கிவிடலாம்.

வலுவான சான்று ஊர்ப்பெயர் அன்று, மயில். மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த சாலமனின் கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொணர்ந்தன என்கிறது அந்நூல். அங்கே மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் எபிரேயச் சொல் துக்கி. உவரிக்கு அருகே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், இது நம் தோகை என்ற சொல்லே என்று வாதிட்டார். தோகை வாலின் பெயர். சினையாகுபெயராய் மயிலையும் குறிக்கும். மயில் நம் நாட்டுப் பறவை. பறவை போனால் பெயரும் உடன் போகும் அன்றோ? தமிழ்ச் சொல் ஒன்று அவ்வளவு பழைய நூலில் இருக்கிறது என்பது கேட்க இனிக்கிறது. மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் குறைவு.

இனிப்பதனால் மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா? துக்கியில் உகரம் குறில், ககரம் இரட்டை. தோகையில் ஓகாரம் நெடில், ககரம் ஒற்றை. இதனைப் பெரிதாக்க வேண்டியதில்லை. எபிரேய நூலுக்கு உயிர்க்குறிகள் இட்டது மிகப் பிந்திய காலத்தில். ஆனால் ஆல்பிரைட் என்ற அறிஞர் வேறொரு வழி காட்டினார். எகிப்திய மொழியில் குரங்கைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. எபிரேய நூலின் குரங்கும் மயிலும் உண்மையில் அந்த இருவகைக் குரங்குகளே என்பது அவர் கருத்து. அது சரியானால் மயில் பறந்துவிடும். இதைவிடக் கூர்மையான செய்தி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. துக்கி வரும் தொடர் ஓபீரைப் பற்றியதன்று. அது தர்ஷீஸ் கப்பல்களைப் பற்றியது. ஓபீரிலிருந்து வந்தவையாக நூல் சொல்வன பொன்னும், மணிகளும், ஒருவகை வாசனை மரமுமே. ஆகவே தோகை தமிழே என்று நாட்டினாலும், ஓபீர் பூவாறு என்று நாட்டியதாகாது.

பொன் பக்கமாகவும் பார்ப்போம். சேர நாட்டில் பொன்னே இல்லை என்று சொல்ல முடியாது. நிலம்பூரில் சாலியாற்று மணலை அரித்துப் பொன் எடுத்ததுண்டு. கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் மலைகளில் 1880ஐ ஒட்டி லண்டன் பணக்காரர்கள் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிச் சில ஆண்டுகளில் கைசுட்டுக்கொண்டனர். நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் சுரங்கம் 2001 வரை நடந்தது. ஆயினும் பூவாற்று மணலில் பொற்சுரங்கம் எதுவும் இல்லை. வரலாறு நன்கு தெரியும் காலத்தில் இக்கரைக்குப் பொன் வந்ததே தவிரப் போனதாகத் தெரியவில்லை. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமாபுரியின் பிளினி புலம்பினார். திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் புதையலாகக் கிடைத்த ரோமக் காசுகள் அந்தப் புலம்பலின் மறுபக்கம். மிளகைக் கொடுத்துப் பொன்னை வாங்கியவர் நாம். ஆரியசாலைக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர் இதை எளிதில் நம்புவர்.

ஓபீரைத் தன் ஊரில் வைக்க விரும்புவது தீங்கற்ற ஆசைதானே என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் நடந்தது வேறு. 1871இல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் சிம்பாப்வேயின் பெருங்கற்கோட்டையைக் கண்டார். அங்கிருந்த மரத்துண்டின் மணம் தன் பென்சிலின் மணத்தை ஒத்திருந்தது. ஆகவே அது லெபனான் தேவதாரு. ஆகவே கட்டியவள் சேபா நாட்டு அரசி! இதுதான் அவருடைய ஆராய்ச்சி. கறுப்பர் இத்தகைய கோட்டை கட்டியிருக்க முடியாது என்ற எண்ணத்துக்கு ஓபீர்க் கதை நல்ல மூடுதுணியாயிற்று. பழஞ்சின்னங்களைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கென்றே 1895இல் ஒரு கம்பெனி தொடங்கினர். எத்தனையோ சான்றுகள் அழிந்தன. 1905இல் மக்கைவர், 1929இல் கேட்டன் தாம்சன் என்ற அம்மையார் ஆகியோர் முறையாக ஆராய்ந்து, அது ஆப்பிரிக்கர் இடைக்காலத்தில் கட்டியதே என்று நிறுவினர். அதன் பின்னும் வெள்ளையர் அரசு அந்த உண்மையை விரும்பவில்லை. அதனை எழுதிய கார்லேக் என்ற தொல்லியலறிஞர் 1970இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 1980இல் விடுதலை பெற்ற மக்கள் தம் நாட்டுக்கே அக்கோட்டையின் பெயரை வைத்தனர். ஒரு கற்பனை ஊருக்காக ஓர் உண்மை ஊரின் மக்களிடமிருந்து அவர்களுடைய வரலாறு பிடுங்கப்பட்டது.

சாலமனின் சுரங்கம் என்று புகழ்பெற்ற மற்றோர் இடம் அக்காபாவுக்கு வடக்கே உள்ள திம்னா. அங்கே பொன் இல்லை, செம்பு. எகிப்தியர் நடத்தியது என்று ஒரு காலத்தில் முடிவு கட்டினர். அண்மை ஆண்டுகளில் கரிமக் கணிப்புச் செய்தபோது கி. மு. பத்தாம் நூற்றாண்டிலும் அங்கே மும்முரமாக வேலை நடந்தது தெரியவந்தது.

அப்படியானால் ஓபீர் முழுப் பொய்யா? அன்று. டெல் அவீவ் நகருக்குள் உள்ள தெல் காசிலே மேட்டில் 1946இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி. மு. எட்டாம் நூற்றாண்டு எழுத்தில், ஓபீர்ப் பொன் 30 சேக்கல் என்று அதில் குறித்திருக்கிறது. சரக்குக் கணக்கு எழுதுபவன் புராணம் பாடுவதில்லை. ஓபீர்ப் பொன் என்று ஒரு பொன் சந்தையில் வழங்கியிருக்கிறது. அது அரேபியப் பொன் என்பதற்கே இன்று சான்று மிகுதி. செங்கடலின் எதிர்க்கரையையும் தள்ளிவிட முடியாது.

நம் பங்கு எங்கே? அது பொன்னில் இல்லை, மிளகில் இருக்கிறது. கி. மு. 1213இல் இறந்த எகிப்து மன்னன் இரண்டாம் ராமசேசுவின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது. சாலமனுக்கு இரு நூற்றாண்டு முற்பட்ட செய்தி அது. மிளகு விளைந்தது மேற்கு மலைத் தொடரில். எத்தனை கை மாறிப் போயிற்றோ, போயிருக்கிறது. பிற்காலச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. எகிப்தின் செங்கடற்கரையில், நல்ல நீரும் கிடைக்காத பாலை ஓரத்தில், பெரனிகே என்ற பழந்துறையைத் தோண்டியபோது, கோயில் ஒன்றில் புதைத்த இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அங்கிருந்து வடக்கே குசேர் அல் காதிமில் கிடைத்த முதல் நூற்றாண்டு ஓடுகளில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஓர் ஓட்டில் கண்ணன். மற்றோர் ஓட்டில் சாதன். இன்னொன்றில், பானை உறி என்று பொருள்படும் பானை ஒறி.