தொண்டும் தொழிலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் வருவது தண்டலம் என்னும் ஊர். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த இச்சுற்றுப்புறம் இன்று தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாகிவிட்டது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன; ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஆயினும், மதிலுக்கு அருகில் வாழும் ஏழை இளைஞன் வாயிலுக்குள் எளிதிற் புகுந்துவிட முடிவதில்லை.

அவனைத் தடுப்பது யாது? ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இயந்திரப் பகுதி ஒன்றின் வரைபடத்தில், அதன் விட்டம் 20 மி.மீ. என்றும், 0.05 மி.மீ. கூடலாம் அல்லது குறையலாம் என்றும் குறித்திருக்கும். அஃதாவது, 19.95-க்குக் குறைதலும் ஆகாது; 20.05-ஐ மிஞ்சுதலும் ஆகாது. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனே இங்குப் பிழைக்கு இடம்! இதனை அளக்கும் வெர்னியர் அளவியைப் பாடநூலிற் படமாகக் கண்டோர் பலர். கையிற் பிடித்துப் பழகியோர் சிலர். தந்தை பட்டறைத் தொழிலாளியாயின் மகன் விளையாட்டாகவே அதனைக் கற்றுக்கொள்வான். கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைக்கு அதைக் காட்டுவார் யார்? ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கினால், சில வாரங்களில் அக்கருவி அவனுக்குக் கைவந்துவிடும்.

இத்தகைய தொண்டு தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. கோயம்புத்தூரில் பிளேக்கு நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவர் சிலரைச் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் கண்டு உளம் உருகினார் என்பர். அவ்வுருக்கத்தின் பயனாக 1905-இல் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றிற்று. அதனை வளர்த்தவர் இராமசுவாமி ஐயங்கார் என்பவரும், அவர்தம் உறவினரான இராமானுஜாசாரியாரும் ஆவர். அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்த இராமானுஜாசாரியார், தம் நண்பர்களைக் கூட்டி நாடகங்கள் நடத்தி, வந்த பணத்தை இல்லத்திற்கு அளித்தார். அலுவலகம் முடிந்த பின் ஒப்பனை செய்துகொண்டு மேடையேறிய அவ்வலுவலர்களை எண்ணிப் பார்த்தல் இனிது.

உணவும் படிப்பும் தந்ததோடு இல்லம் நின்றுவிடவில்லை. 1920-களில் தொழிற்பள்ளி ஒன்றும் அங்கே எழுந்தது. மோட்டார் வண்டிப் பொறியியல் அதிற் கற்பிக்கப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளில் மோட்டார் வண்டி அருமையாக ஓடிய அந்நாளிலேயே ஏழைச் சிறுவர்க்கு அத்தொழிலைக் கற்பிக்க முற்பட்ட தொலைநோக்குப் போற்றத்தக்கது.

இன்றைய தொண்டர் செய்யவேண்டியவற்றுள் பல, பார்வைக்கு மிகச் சிறியவை. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், விண்ணப்பம் தடைபடும். அதைத் திருத்த எந்த அலுவலகத்திற்குச் செல்வது என்று அறியாமலே வாய்ப்பை இழப்போர் உளர். நேர்காணலில் வினவப்படும்போது தலைகுனிந்து நிற்கும் இளைஞன், பல சமயம், விடை அறியாதவன் அல்லன். அயலாரிடம் பேசிப் பழகாதவன். அவனோடு அமர்ந்து உரையாடுதலே போதிய மருந்து. ஆனால், இரண்டு வாரம் ஆர்வத்தோடு வந்து, மூன்றாம் வாரம் மறைந்துவிடும் தொண்டரால் நன்மையினும் தீமையே மிகுதி. காத்திருந்து ஏமாந்த பிள்ளை அடுத்து வருபவரையும் நம்பமாட்டான்.

யாவற்றினும் கடினமானது பின்வருவது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, இளைஞர் தொழிற்சாலையில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்கலாம்; முடிவில் தேர்வெழுதிச் சான்றிதழும் பெறலாம். ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தாலோ இன்றே சற்று மிகுதியான பணம் கிடைக்கக்கூடும். எனினும் பெட்டி தூக்குதலும் பொருள் அடுக்குதலுமாக ஆண்டுகள் கழிந்து, கைத்தொழில் ஒன்றும் வாராமற் போகலாம். “பழகுநனாகச் சேர்” என்று சொல்லிவிடுதல் எளிது. “அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன செய்வது?” என்று தாய் கேட்பாள். அவள் கேட்பது நியாயமே. அவள் முன் அமர்ந்து, வரவையும் செலவையும் தாளில் எழுதிக் கணக்கிட்டு, குறையும் தொகைக்கு ஊரார் சிலரிடம் மாதந்தோறும் நன்கொடை திரட்டித் தருவதும் தொண்டரின் பணியைச் சேர்ந்ததே.