ஊசியின்றி நுரையீரல் நோயை அறிய இயலுமா?

நுரையீரலில் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும் என்று கூறியதும், “இரத்தப் பரிசோதனை போதாதா, டாக்டர்?” என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

நம் உடலின் செல்கள், 30 முதல் 150 நானோமீட்டர் வரை அளவுள்ள நுண்பைகளை வெளியிடுகின்றன. எக்ஸோசோம்கள் எனப்படும் இவை, ஒரு செல் மற்றொன்றுக்கு அனுப்பும் கடித உறைகள் போன்றவை. இவற்றினுள் ஆர்.என்.ஏ. இருப்பதை 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் வகை, தானே புரதத்தை உருவாக்குவதில்லை. எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. இவ்வகையைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோசும் கேரி ரவ்குனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நோயுற்ற செல் அனுப்பும் கடிதம் மாறுபடுகிறது. எடுத்துக்காட்டாக, மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 நுரையீரல் புற்றுநோயிலும் மிகுகிறது; நுரையீரல் தழும்பு நோயிலும் மிகுகிறது. சிக்கலும் இதுவே. ஒரே அடையாளம் இரு நோய்களைச் சுட்டினால், எதற்கு மருந்து தருவது? ஆகவே, இந்த ஆய்வு இன்னும் திசுப் பரிசோதனைக்கு மாற்றாகவில்லை.

‘எக்ஸோசோம் சிகிச்சை’ என்னும் விளம்பரங்களிலும் எச்சரிக்கை தேவை. அங்கீகாரமற்ற இத்தகைய பொருள்கள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-இலேயே எச்சரித்தது. அவற்றை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், பணத்தையும் இழக்காதீர்கள்.

நாளைய பரிசோதனைக்காக இன்றைய பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஊசியைக் குறித்த அச்சம் இருப்பின், தயங்காமல் எங்களிடம் கூறுங்கள், உடனிருந்து விளக்குவோம்.