உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் ஒரு மூலை

• கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் ஓயாமல் சுரக்கிறது. அது வடியும் சல்லடை, கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவும் கண்பாவையைச் சுற்றிய நிறத்திரையான ஐரிஸும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. டாக்டர்கள் அதைக் ‘கோணம்’ என்பார்கள். ஐரிஸ் முன்பக்கம் சரிந்து கோணத்தை அடைத்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு பழுதாகும். இதுதான் மூடுகோண குளுக்கோமா. போன பார்வை திரும்பாது.

• டார்ச் அடித்து இந்தக் கோணத்தைப் பார்க்க முடியாது. அங்கிருந்து வரும் ஒளி, முழு அக எதிரொளிப்பால் கார்னியாவைத் தாண்டாமல் உள்ளேயே திரும்பிவிடும். இதற்காகவே ஹான்ஸ் கோல்ட்மன் 1938-ல் ஆடி பதித்த லென்ஸ் ஒன்றை உருவாக்கினார். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, லென்ஸை விழிமேல் வைத்துப் பார்க்கும் இந்த கோனியோஸ்கோப்பிதான் இன்றும் அடிப்படைச் சோதனை.

• ஐரிஸுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் பயோமைக்ராஸ்கோப்பி காட்டும். டொராண்டோவில் சார்லஸ் பாவ்லினும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் 1990 வாக்கில் இதைக் கொண்டுவந்தார்கள். இதன் ஒலி அலை சுமார் 50 மெகாஹெர்ட்ஸ். வயிற்று ஸ்கேனில் பயன்படுவதைவிடப் பத்து மடங்கு அதிகம்.

• கண்ணைத் தொடாமலே, ஒளியைக் கொண்டு படமெடுப்பது முன்பகுதி ஓசிடி என்ற ஸ்கேன். தாடையைத் தாங்கியில் வைத்து நேராகப் பார்த்தால் போதும், சில நொடிகளில் கண்ணின் குறுக்குவெட்டு திரையில் விழும். திறந்த கோணத்தில் கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். மூடிய கோணத்தில் இரண்டும் ஒட்டியிருக்கும்.

• வெளிச்சத்தில் திறந்திருக்கும் கோணம் இருட்டில் மூடிக்கொள்ளலாம். கண்பாவை விரியும்போது ஐரிஸ் மூலையில் ஒதுங்குவதே காரணம். ஓசிடி அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால், அறை விளக்கை அணைத்துவிட்டே இதைப் படம் பிடிக்கலாம்.

• கோணம் குறுகியவர்கள் எல்லோருக்கும் லேசர் சிகிச்சை தேவையில்லை. சீனாவின் குவாங்சோவில் இப்படிக் கோணம் குறுகிய 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசரால் ஐரிஸில் துளையிட்டு, 6 ஆண்டுகள் கவனித்தார்கள். லேசர் செய்த கண்களில் 19-லும், செய்யாதவற்றில் 36-லும் மட்டுமே நோய் அடுத்த கட்டத்துக்குப் போனது. லேசர் பலன் தந்தது உண்மை; ஆனால் செய்யாத கண்களிலும் மிகப் பெரும்பாலானவை பாதிக்கப்படவில்லை. 2019-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

• விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவப்பு, கடும் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் ஒற்றைத் தலைவலி, பித்தம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றே, அப்போதே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆசியர்களில் பலருக்கு இந்த எச்சரிக்கைகூட இல்லாமல் நோய் மெல்ல முற்றுகிறது.

• கண் பிரஷர் நார்மல் என்ற ஒரே முடிவை வைத்து நிம்மதியடைய வேண்டாம். கோணம் குறுகியிருந்தும் அன்றைய அழுத்தம் சரியாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், தூரப்பார்வைக்காக பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள், உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளவர்கள் அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள்: “டாக்டர், என் கண்ணில் கோணம் பார்த்தீர்களா?”